ஸ்வீடிஷ் மொழியில் ஒரு ‘போயிட்டு வர்றேன்’

போன ஜூன் மாதம். மெல்போர்னில் குளிர் எலும்பைத் தொட ஆரம்பித்திருந்த ஒரு காலை. வாரத்தில் இரண்டு நாள் எங்கள் சமையலறை மேஜைதான் எனக்கு ஆபீஸ். லேப்டாப் திரையில் ஒரு கார்ட்டூன் சிறுமி வீட்டுக் கதவைத் திறந்து வெளியே ஓடப் போகிறாள். என்னோடு அந்த வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் யாழ்ப்பாணத்து நர்ஸ் அக்கா, டியூட்டிக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கிறார். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. திரைச் சிறுமி ஸ்வீடிஷ் மொழியில் “ஹேய்” என்றாள். நர்ஸ் அக்கா “போட்டு வாறன்” என்றார்.

எனக்கு ஏதோ சுரீரென்றது.

“அக்கா, ஒரு நிமிஷம். இப்ப என்ன சொன்னீங்க?”

“போட்டு வாறன் எண்டனான். ஏன், இனி அதுக்கும் உம்மட்டைக் கேக்கவேணுமோ?”

“இல்லக்கா. எங்கேயோ ஒரு தப்பு நடந்திருக்கு. இப்பத்தான் பிடிபட்டுச்சு.”

“நல்லாப் பிடியும். எனக்கு நேரம் போட்டுது” என்று அவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

நான் திருச்சிக்காரி. ஒலிப்பதிவுத் துறையில் மேற்படிப்பு படிக்க மெல்போர்ன் வந்து, முடித்த கையோடு ஒரு சிறிய ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரி ஹாஸ்டல் நாளிலிருந்தே எனக்கு ஜப்பானிய அனிமேஷன் பைத்தியம். கீழே ஆங்கில எழுத்து ஓட ஓட, பார்த்துப் பார்த்தே அந்த மொழியில் கொஞ்சம் காதில் ஏறியிருந்தது. அதனால், பல பாகங்கள், பொம்மைகள், சினிமா என்று உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜப்பானியத் தொடரின் புதிய பாகம் எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறது என்றதும், கையைத் தூக்கிய முதல் ஆள் நான்தான். எனக்குக் கிடைத்தது அதன் ஸ்வீடிஷ் வடிவம்.

எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் ஸ்வீடிஷ் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வசனம் எழுதுவது, குரல் கொடுப்பது எல்லாம் ஸ்டாக்ஹோமில் நடக்கும். முடிந்த ஒலிப்பதிவு, படத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க எங்களுக்கு வரும். “வாய் அசைந்தால் குரல் வர வேண்டும். வாய் மூடினால் குரல் நிற்க வேண்டும். அதைப் பார், போதும்” என்று என் மேலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். பிறந்தது முதல் மெல்போர்னிலேயே வாழ்கிறவர், நிதானமான மனிதர். அவர் சொன்ன மாதிரிதான் நானும் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அன்று காலை வரை.

கதை இதுதான். ஒரு சின்னத் தீவு. ஓர் அம்மா, இரண்டு பெண்கள். இளையவள்தான் கதாநாயகி. ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவள் ஏதோ ஒரு வேலையாக வீட்டிலிருந்து கிளம்புவாள். கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்வாள். உள்ளேயிருந்து அம்மா ஒரு பதில் சொல்வாள். ஜப்பானியர் எல்லோருமே வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லிக்கொள்வதுதான் அது. அவள் சொல்வதற்குப் பொருள் ‘போய்விட்டு வருகிறேன்’. அம்மா சொல்வது ‘போய்விட்டு வா’ மாதிரி. நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நம் வீடுகளிலும் யாராவது ‘போறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் தாண்ட முடியுமா?

ஸ்வீடிஷ் வடிவத்தில் அந்தச் சிறுமி ஓர் அத்தியாயத்தில் ‘ஹேய்’ என்றாள். இன்னொன்றில் ‘ஹேய் டோ’. வேறொன்றில் அதுவும் இல்லை, ‘நான் ஓடுறேன்’ என்கிற மாதிரி ஏதோ. அம்மாவும் வாய்க்கு வந்த பதிலைச் சொன்னாள். குரல் வாய்க்குப் பொருந்தியது. நான் டிக் அடித்துக்கொண்டே போயிருந்தேன்.

நர்ஸ் அக்கா கதவைச் சாத்திய பிறகு நேரே கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். என் சந்தேகம் அங்கேதான் இருந்தது.

அதில் மூத்தவள் அம்மாவிடம் கோபித்துக்கொண்டு நகரத்துக்குப் போகிறாள். பெட்டியை எடுக்கிறாள். கதவைத் திறக்கிறாள். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அடுப்பருகில் நிற்கும் அம்மாவின் கரண்டி அப்படியே நிற்கிறது. வாய் பாதி திறந்து, மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான். இளையவள் படகுத்துறைக்கு ஓடிப்போய், “நீ சொல்லலை, நீ சொல்லாம போற” என்று கத்துகிறாள். படகு நகர்ந்த பிறகு மூத்தவள் அதைச் சொல்கிறாள். கரையில் மூச்சு வாங்க வந்து நிற்கும் அம்மாவின் உதடுகள் மட்டும் அசைகின்றன. மொத்தப் பாகமும் இந்த ஒரு காட்சிக்காகத்தான். வேலைக்காக எங்களுக்கு வந்த ஜப்பானிய மூலத்தைப் பார்த்தபோது நான் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறேன்.

ஸ்வீடிஷ் வசனத்துக்குப் பக்கத்திலேயே அதன் ஆங்கிலப் பொருளும் எங்களுக்குத் தந்திருப்பார்கள். அதைப் படித்தேன். இளையவள் கத்துவது இப்படி மாறியிருந்தது: ‘நீ என்னைக் கட்டிப்பிடிக்கவே இல்லை.’ படகிலிருந்து மூத்தவள் சொல்வது: ‘டாட்டா, உன்னை ரொம்பப் பிடிக்கும்.’

கதை கெட்டுவிட்டது. அடுப்படியில் அம்மா ஏன் அப்படி நின்றாள் என்று ஸ்வீடன் குழந்தைகளுக்குக் கடைசி வரை தெரியாது. அந்தத் தொடரை உயிராக நினைக்கிறவள் நான். இதை இப்படியே போக விட மாட்டேன் என்று அந்த மேஜையிலேயே முடிவு செய்தேன்.

மேலாளருக்கு போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

“உன்னை வாயசைவைத்தானே பார்க்கச் சொன்னேன்?”

“அதைத்தான் பார்த்தேன். கட்டிப்பிடிக்கலைன்னு சண்டை போடுறாங்க. கடைசி வரைக்கும் யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கலை. வாய் பொருந்துது, கை பொருந்தலை.”

சிரித்துவிட்டார். ஆனால் ஒன்றை நினைவுபடுத்தினார். ஜூலை வந்தால் ஸ்வீடனில் முக்கால்வாசிப் பேர் கோடை விடுமுறையில் போய்விடுவார்கள். ஸ்டூடியோவைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் எது பதிவானதோ அதுதான் வெளியாகும். “சண்டை போடுவதென்றால் இந்த மாதமே போட்டு முடி” என்றார்.

மறுநாள் எங்கள் மாலை, ஸ்டாக்ஹோமில் காலை. வீடியோ அழைப்பில் அந்த இயக்குநர் வந்தார். ஸ்வீடிஷ் வசனம் எழுதியதும் அவரே, குரல் நடிகர்களை இயக்கியதும் அவரே. கையில் பெரிய காபிக் கோப்பை. நான் மூச்சு விடாமல் பேசியதை முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“எங்கள் ஊரில் உள்ளே வரும்போதும் ஹேய் என்போம், வெளியே போகும்போதும் ஹேய் என்போம். போய்விட்டு வருகிறேன் என்று ஒருவர் சொன்னால், வராமல் வேறு எங்கே போகப் போகிறாய் என்று கேட்பார்கள்.”

“ஆனா கதையே அந்த வார்த்தைதானே?”

“எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? விதவிதமாக எழுதிப் பார்த்தேன். நாயகிக்குக் குரல் கொடுக்கும் சிறுமி, பாடப் புத்தகம் வாசிப்பதுபோல வாசித்தாள். கூச்சத்தில் நெளிந்தாள். குழந்தை கூச்சப்படும் வரியைப் படத்தில் வைக்க முடியாது. அதனால்தான் கட்டிப்பிடிப்பதைப் போட்டேன்.”

கவனக்குறைவு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? அவர் முட்டி மோதிப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறார்.

காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “உன்னிடம் நல்ல வரி இருந்தால் கொடு. ஸ்வீடிஷ் குழந்தை ஒன்று வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். வாய்க்குள் அடங்க வேண்டும். அந்தச் சிறுமி விடுமுறைக்குக் கிளம்பும் முன் கொடுத்தால், எல்லா அத்தியாயத்திலும் மாற்றிப் பதிவு செய்து தருகிறேன்.”

“தர்றேன்” என்றேன்.

அழைப்பு முடிந்த பிறகுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்த மொத்த ஸ்வீடிஷும் ‘ஹேய்’ ஒன்றுதான். அதுவே அங்கே வேண்டாத வார்த்தை.

அன்று நர்ஸ் அக்கா டியூட்டி முடிந்து வந்து சமையலறையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். வெளியாகாத தொடரின் கதையை வெளியாளிடம் சொல்லமாட்டேன் என்று வேலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் காட்சி எதையும் சொல்லாமல், வார்த்தைச் சிக்கலை மட்டும் சொன்னேன்.

“உமக்கு விசரே? ஸ்வீடன் பாசை தெரியாமல் ஸ்வீடன்காரருக்கு வசனம் எழுதிக் குடுக்கப் போறீரோ?”

“எழுதப் போறதில்லக்கா. கேட்டு வாங்கப் போறேன்.”

“ஆரிட்டை?”

“ஸ்வீடன்காரங்ககிட்டத்தான்.”

“இஞ்சை கங்காரு பாக்கலாம். ஸ்வீடன்காரரை எங்கை போய்ப் பாக்கிறது?” என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டவர், சட்டென்று கையை நிறுத்தினார். “பொறும். எங்கட வார்டுக்கு வாற பிசியோ ஸ்வீடன்தான். சனிக்கிழமையிலை மகளை ஸ்வீடன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறவர். எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடம் மாதிரித்தானாம். பெடிச்சி போகமாட்டன் எண்டு காருக்குள்ளை அழுறதும் அப்பிடியேதானாம்.”

“இந்தச் சனிக்கிழமை போகலாமாக்கா?”

“இந்தச் சனிக்கிழமை நான் த பேசினிலை இருக்கிற பிள்ளையார் கோயிலுக்கெல்லோ போறன்.”

“போற வழியில…”

“எந்த வழி? அது மலையடி, இது கடற்கரைப் பக்கம்” என்றார். இன்னொரு ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டார். “சரி. பிள்ளையார் எங்கையும் போகமாட்டார். ஆனா கார் நான்தான் ஓடுவன். நீர் வாயை மூடிக்கொண்டு வரவேணும்.”

அந்த பிசியோதெரபிஸ்ட் பள்ளியில் பேசி அனுமதி வாங்கித் தந்தார். சனிக்கிழமை ஒரு பழைய ஹால். ஒரு பக்கம் குழந்தைகளுக்கு வகுப்பு. இன்னொரு பக்கம் பெற்றோருக்குக் காபி, இலவங்கப்பட்டை போட்ட பன். உள்ளே போன சிறிது நேரத்திலேயே எனக்கு அந்நியமான இடம் என்கிற எண்ணம் போய்விட்டது. அம்மாக்கள் ஸ்வீடிஷ் மொழியில் கேட்கிறார்கள், பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். அம்மாக்கள் கண்ணை உருட்டுகிறார்கள். நர்ஸ் அக்கா என் காதருகில், “இது எங்கட சனம்தான். கொஞ்சம் வெள்ளையடிச்சிருக்கு” என்றார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது என்ன சொல்வீர்கள்? ஒரு மேஜை முழுக்க யோசித்தார்கள். ‘ஹேய் டோ’தான் என்றார் ஒருவர். ‘பார்ப்போம்’ என்று சொல்வோம் என்றார் இன்னொருவர். ‘நல்லா இரு’ என்கிற மாதிரி ஒன்று உண்டு என்றார் ஒரு பெண்மணி. ‘சீக்கிரம் வந்துடுவேன்’ என்று சொல்லலாமே என்றார் வேறொருவர். உடனே அவர் மனைவி, “அது கடைக்குப் போகிறவன் சொல்வது. சீக்கிரம் வராவிட்டால் பொய்யாகிவிடும்” என்றார். அவர்களுக்குள் ஒரு விவாதமே கிளம்பிவிட்டது. எதுவும் பொருந்தவில்லை. எல்லாம் தகவலாகவோ வாழ்த்தாகவோ இருந்தது. தினம் சொல்லித் தேய்ந்து, சொல்லாமல் விட்டால் மட்டும் உறுத்துகிற ஒன்று அதில் இல்லை.

பிசியோ கேட்டார், “நீங்கள் என்ன சொல்வீர்கள்?”

இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நான் விளக்கினேன். நம் வழக்கத்தை ஒரு சொற்பொழிவாகவே ஆற்றிவிட்டேன். கேட்டால் உருகிவிடுவார்கள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அவர் அதை வார்த்தைக்கு வார்த்தை ஸ்வீடிஷில் சொல்லிப் பார்த்தார். “கோர் ஓ கொம்மெர்.” போகிறேன், வருகிறேன்.

மேஜை அதிரச் சிரித்தார்கள். ஒருவருக்குக் காபி புரையேறியது. “இது பஸ்தான் சொல்லும்” என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர் ஸ்டியரிங் பிடிப்பதுபோலக் கையை வைத்துக்கொண்டு, பஸ் குரலில் அதைச் சொல்லிக் காட்டினார். கேலியில் விஷம் ஒன்றும் இல்லை, ஆனாலும் என் முகம் சுட்டது. நான் தலைமேல் வைத்துக் கொண்டுவந்த வரி, ஒரு சிரிப்பில் தரையில் கிடந்தது. இயக்குநர் சொன்னது சரிதான். வெறும் கையோடு திரும்பி, ‘நீங்கள் எழுதியதே இருக்கட்டும்’ என்று சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு வகுப்பிலிருந்து குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். பிசியோவின் மகளுக்கு ஏழெட்டு வயதிருக்கும். பன் எடுக்க ஓடி வந்தவள் என்னவென்று கேட்டாள். அப்பா சொன்னார். அவள் பன்னை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்டியரிங்கைத் திருப்பி, “கோர் ஓ கொம்மெர்” என்று வகுப்பை நோக்கி ஓடப் பார்த்தாள்.

நர்ஸ் அக்கா கையை நீட்டி மறித்தார். வார்டில் நோயாளிகளை அதட்டுகிற அதே குரல். ஆங்கிலத்தில்தான் சொன்னார், நான் அவருடைய தமிழிலேயே எழுதுகிறேன்.

“நில்லும். அப்பிடிச் சொல்லிப்போட்டு உடனை ஓட ஏலாது. இருக்கிற ஆள் ‘போட்டு வா’ எண்டு சொல்லவேணும். சொல்லுமட்டும் நீர் அசையக்கூடாது.”

அந்தப் பெண் அப்படியே சிலையாகிவிட்டாள், ஒரு கால் அந்தரத்தில். அப்பா சிரித்துக்கொண்டே, “கோ ஓ கொம்” என்றார். போ, வா. அதற்குப் பிறகுதான் ஓடினாள்.

அவ்வளவுதான், தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து பன் எடுப்பதும், ‘கோர் ஓ கொம்மெர்’ என்று சொல்லிவிட்டு வாசலில் சிலையாக நிற்பதும், யாராவது பதில் சொன்னதும் பறப்பதும். பெரியவர்கள் வேண்டுமென்றே காது கேட்காத மாதிரி காபி குடித்தால், குழந்தைகள் நின்ற இடத்திலிருந்தே கண்ணால் கெஞ்சினார்கள். உள்ளே ஆசிரியை காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தானே வாசலுக்கு வந்து எல்லோருக்கும் சேர்த்து “கோ ஓ கொம்” என்று சொல்லி உள்ளே இழுத்துப்போனார். பஸ் குரல் எப்போதோ மறைந்திருந்தது. அவரவர் குரலில், சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெற்றோரிடம் கேட்டுவிட்டு போனில் பதிவு செய்ய ஆரம்பித்தேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டும் நேரத்தில் அந்தப் பெண் நர்ஸ் அக்காவிடம் வந்தாள்.

“ஒருத்தர் சொல்லாமலே போய்ட்டா?”

நான் போனைப் பிடித்தபடி நிமிர்ந்தேன். அவளுக்குக் கதை தெரியாது. நர்ஸ் அக்காவுக்கும் தெரியாது.

“எங்கட தம்பி ஒருக்கா கோவத்திலை அப்பிடிப் போனவன். அம்மா பதிலை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு கதவடியிலை நிண்டவ.”

“எவ்வளவு நேரம்?”

“அவன் பசிச்சு வருமட்டும்.”

அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள். அப்பா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் தாண்டி வெளியே போனாள். கண்ணாடி வழியாக அவளுடைய குல்லாய் மட்டும் தெரிந்தது. கார் நிறுத்துமிடம் வரை போயிருக்க மாட்டாள். திரும்பி ஓடி வந்து, கதவைத் தள்ளி, மூச்சிரைக்க, “கோர் ஓ கொம்மெர்” என்றாள். கையில் துணியோடு அவர் பதில் சொன்னபோது குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

அந்த வீடியோவை அப்படியே ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பினேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. சொற்பொழிவு ஆற்றிப் பட்டது போதும்.

திங்கட்கிழமை மாலை அழைப்பில் இயக்குநர் வந்தார். அதே கோப்பை.

“அந்தக் குழந்தைக்குக் காட்சியைக் காட்டினாயா?”

“இல்லை.”

“கதை சொன்னாயா?”

“இல்லை. கூட வந்தவங்களுக்கே கதை தெரியாது.”

வீடியோவின் கடைசிப் பகுதியை எனக்கு எதிரிலேயே மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். “நான் ஸ்வீடிஷில் ஏற்கெனவே இருக்கும் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். இது இல்லாத வார்த்தை. ஆனால் விதியோடு வருகிறது. விதி இருந்தால் குழந்தைகளுக்கு வார்த்தை விளையாட்டாகிவிடும், கூச்சம் போய்விடும்” என்றார். பிறகு தன் பெரிய பிரச்சினையைச் சொன்னார். நாயகிக்கும் மூத்தவளுக்கும் குரல் கொடுத்தவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். ஆனால் பதில் சொல்ல வேண்டிய அம்மா? அந்த நடிகை முன்பே விடுமுறையில் ஒரு தீவுக்குப் போய்விட்டார். கூப்பிட்டால் வருவாரா, தெரியாது. வராவிட்டால் எல்லா அத்தியாயத்திலும் சிறுமி சொல்வாள், பதிலே வராது. அதைவிடப் பழைய வசனமே மேல்.

“கேட்டுப் பாருங்க. அந்த வீடியோவை அனுப்பிட்டுக் கேளுங்க” என்றேன். அதற்கு மேல் என் கையில் எதுவும் இல்லை. அந்த வாரம் முழுக்க மெயில் பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன்.

அந்த நடிகை படகு பிடித்து வந்தார். பேசிக் கொடுத்துவிட்டு, மாலைப் படகில் தீவுக்குத் திரும்பிவிட்டாராம். ஸ்டூடியோ பூட்டுவதற்கு முன் எல்லா அத்தியாயமும் மாறி வந்து சேர்ந்தது. நான் முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி சரிபார்த்தேன். வாய் பொருந்தியது. கடைசி அத்தியாயத்தில் மூத்தவள் பேசாமல் கதவைத் திறந்தபோது, ஸ்வீடிஷ் தெரியாத நானே அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

தொடர் வெளியான பிறகு நர்ஸ் அக்காவை உட்காரவைத்து அதே காட்சியை ஸ்வீடிஷிலேயே போட்டுக் காட்டினேன். அடுப்படி அம்மாவைப் பார்த்ததும், “அட, இவ எங்கட அம்மா” என்றார். கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

இதோடு நின்றிருந்தால் நான் இன்று தலைகால் புரியாமல் திரிந்துகொண்டிருப்பேன். ஆட ஆரம்பித்ததும் உண்மைதான். மேலாளரிடம் போய், இந்தத் தொடருக்குத் தமிழ் வடிவம் ஒன்று செய்யலாமே என்று கேட்டேன். ஸ்வீடன் மக்கள்தொகை நம் சென்னையும் புறநகரும் சேர்ந்தாற்போல. அவர்களுக்கு ஒரு குரல் இருந்தால் நமக்கு ஏன் இல்லை என்று வாதாடினேன். உரிமை வைத்திருப்பவர்களிடம் காட்ட ஒரே ஒரு காட்சியைத் தமிழில் செய்து கொடு, பிறகு பேசலாம் என்றார். சந்தோஷத்தில் ஸ்டாக்ஹோம் இயக்குநருக்கு எழுதினேன். தமிழில் எங்களுக்கு உங்கள் கஷ்டமெல்லாம் இல்லை, வார்த்தை தயாராகவே இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதிவிட்டேன்.

அவரிடமிருந்து வந்த பதில் சின்னது. சாப்பாட்டுக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல் என்றார்.

பார்த்தேன். சிறுமி சாப்பிட்டு முடித்ததும், கை கூப்பி, சமைத்தவளுக்கு நன்றியாக ஒரு வார்த்தை சொல்கிறாள். அம்மா தலையசைக்கிறாள். ஸ்வீடிஷில் அந்த இடம் வழுக்கிக்கொண்டு போகிறது, ஏனென்றால் ஸ்வீடன் குழந்தைகள் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ‘டாக் ஃபோர் மாட்டென்’ என்று சொல்லாமல் மேஜையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்களாம். சாப்பாட்டுக்கு நன்றி என்று பொருள்.

தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ‘போதும்மா’ என்போம். ‘வயிறு ஃபுல்’ என்போம். எழுந்து போய்க் கை கழுவுவோம். நர்ஸ் அக்காவிடம் கேட்டேன்.

“சாப்பிட்டு முடிய அம்மாவுக்கு நன்றி எண்டு சொன்னனெண்டால், ‘என்ன பிள்ளை, காய்ச்சலே?’ எண்டு நெத்தியைத் தொட்டுப் பாப்பா.”

எங்கள் அம்மாவும் அதைத்தான் செய்வார். அன்று ஸ்வீடன்காரர்கள் அந்த மேஜையில் எப்படி வார்த்தை தேடினார்களோ, அதே இடத்தில் இப்போது என் மொழியோடு வந்து நிற்கிறேன். ஒரு வழக்கம் நம்மிடம் இருப்பதால் நாம் ஒசத்தி ஆகிவிடவில்லை, இல்லாததால் யாரும் குறைந்துவிடவும் இல்லை என்று எனக்குப் பட்டது அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான்.

சுலபமான கதவுக் காட்சியை மாதிரிக்குச் செய்துவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நான் சாப்பாட்டுக் காட்சியைத்தான் எடுத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இட்லியும் சாம்பாரும் கொண்டுபோகிறேன். சமைப்பதும் பரிமாறுவதும் நர்ஸ் அக்கா. சாப்பிட்டு முடித்ததும் எழுந்து ஓடுவதற்கு முன்னால் ஒரு விதி வைக்கப் போகிறோம், விதி என்ன என்று இன்னும் எங்களுக்குள் சண்டை முடியவில்லை. பிள்ளைகள் என்ன வார்த்தையைக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலில் சிரிப்பார்கள் என்பது மட்டும் தெரியும். அந்தச் சிரிப்புக்கு முகம் சுளிக்காமல் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் அதற்குள்ளிருந்தே வார்த்தை எழுந்து வரும் என்பதை, கடற்கரைப் பக்கத்து ஹாலில் பன் தின்றுகொண்டிருந்த குழந்தைகளிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.